ஹேமசபேசன் கொளுத்திய படகு

இனிமேல் பெண்டாட்டியிடம் பொய் சொல்வதில்லை என்று ஹேமசபேசன் தீர்மானம் செய்தார். மனசு திருந்திச் செய்த தீர்மானம் என்று யாரும் அவரைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சொன்ன பொய் ஒன்றுகூட வீட்டில் செல்லுபடியாகவில்லை. அதுதான் காரணம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் குமாஸ்தா அவர். யுத்தம் முடிந்து, யுத்தகாலத்து ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த சமயம். ஆபீசில் அவர் சொல்லும் சமாதானங்களைப் பெரிய மனிதர்கள் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் கல்யாணசுந்தரி தலையாட்டுவாள், ஏற்றுக்கொள்ள மாட்டாள். திருப்பாதிரிப்புலியூரில் கோவிந்தசாமி வீட்டு மாடியில் சீட்டாடிவிட்டு, "ஆபீசுல வேலை ஜாஸ்தி" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பார். "அப்படியா, கைகால் கழுவிட்டு வாங்க" என்பாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றும்போது மெதுவாக, "இன்னைக்கும் தோத்துட்டீங்களா?" என்பாள். சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். இதற்கு எதைப் போடுவது?

ஆகவே உண்மையையே பேசிவிடுவது என்று முடிவு. ஒளிந்து மறைந்தும் அல்ல. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் காதில் விழும்படி, சத்தமாக. ஆனால் இங்கிலீஷில்.

இதற்குக் கூட்டாளி பக்கத்து வீட்டு அந்தோணிசாமி. ஒரே ஆபீஸ், ஒரே சீட்டுக்கட்டு, சின்ன வயதில் ஒரே மிஷன் பள்ளிக்கூடம். முதல் நாள் ஒத்திகையிலேயே காரியம் கெட்டது.

"டுடே ஈவினிங் கோவிந்தசாமி ஹவுஸ். டெல் ஒய்ஃப், ஆபீஸ் மீட்டிங்," என்றார் அந்தோணிசாமி, கண்ணைச் சிமிட்டி.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "மீட்டிங் முடிஞ்சி வரப்ப நாலு எலுமிச்சம்பழம் வாங்கியாங்க. டுடேவே வேணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலுக்கு வந்ததும் அந்தோணிசாமிதான் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"தப்பு நம்ம மேலதான் மச்சான். ரேஷன், பர்மிட்டு, மீட்டிங்கு, லீவு, இதெல்லாம் இன்னும் இங்கிலீஷுன்னு நெனச்சிகிட்டு இருக்கோம். ரயிலுக்குத் தண்டவாளம் போட்ட நாள்லேர்ந்து இதெல்லாம் தமிழாயிடுச்சு. தனித்தனி வார்த்தைய யாரு வேணும்னாலும் புடிச்சிக்கலாம். புடிக்க முடியாதது ஒன்னு இருக்கு."

"என்னா?"

"இடியம்."

ஹேமசபேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. மெட்ரிகுலேஷன் பரீட்சைக்காகப் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்த இடியம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து வரிசையில் நின்றன. அப்போது வெறுத்த சங்கதி, இப்போது பார்த்தால் எப்பேர்ப்பட்ட சங்கதி. வாளியை உதைத்தான் என்கிறான் வெள்ளைக்காரன், ஆள் செத்துப்போனான் என்று அர்த்தம். வாளியும் கிடையாது, உதையும் கிடையாது. எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்தவன்கூட, மொத்தத்துக்கு அர்த்தம் தெரியாமல் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். கதவைத் திறந்துபோட்டுவிட்டே களவு போகாமல் காக்கிற பூட்டு இது. இவ்வளவு பெரிய ராஜ்யத்தை இவன் கட்டி ஆள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று அவர் அன்றைக்கு முழுக்க வியந்துகொண்டே இருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சோதனை நடந்தது. தொப்பலாக நனைந்து வந்து வாசற்படியில் நின்ற அந்தோணிசாமி, வேண்டுமென்றே உரக்க, "பிரதர், இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்," என்றார்.

கல்யாணசுந்தரி எட்டிப்பார்த்தாள். கேட் என்றால் பூனை, டாக் என்றால் நாய் என்பது அவளுக்குத் தெரியும். அந்தோணிசாமியின் பெண் பக்கத்து வீட்டில் தினம் வார்த்தையும் அர்த்தமுமாகக் கூவுகிற பாடம்தான்.

"நாயி பூனையா? எங்க அண்ணே?"

"ஒன்னும் இல்ல தங்கச்சி. ஆபீஸ் விஷயம்."

"ஓகோ," என்று அவள் உள்ளே போய் ஒரு துண்டும் சூடாகச் சுக்குக் காப்பியும் கொண்டுவந்து கொடுத்தாள். காப்பியைக் குடித்துக்கொண்டே இருவரும் ஜெயித்துவிட்டதாகக் கண்ணால் கைகுலுக்கிக்கொண்டார்கள். துண்டு ஏன் வந்தது என்று இரண்டு மெட்ரிகுலேஷனில் ஒன்றும் யோசிக்கவில்லை.

அதன்பிறகு ஹேமசபேசனின் வாழ்க்கையில் ஒரு பொற்காலம். சீட்டாட்டம், கோவிந்தசாமியிடம் கோபம், ஆபீசில் வாங்கிய திட்டு என்று எல்லாவற்றையும் கூடத்தில் வைத்தே பேசினார்கள். அவள் எதிரே உட்கார்ந்து முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "பாவம், எவ்வளவு வெள்ளந்தியாக உட்கார்ந்திருக்கிறாள்," என்று ஹேமசபேசனுக்குச் சில சமயம் இரக்கம்கூட வந்தது.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்து விவகாரம் வந்து சேர்ந்தது.

குமாஸ்தாக்களின் தலையெழுத்தை எழுதுகிற சிரஸ்தார் அவரைக் கூப்பிட்டு, சிதம்பரம் தாலுகா ஆபீசில் ஓரிடம் காலியாகிறது, சம்பளத்திலும் ஒரு படி உயர்வு, உமக்கு இஷ்டமா என்று கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் பண்ருட்டிக் கண்ணாயிரத்தை அனுப்பிவிடுவார்கள்.

கல்யாணசுந்தரிக்குப் பிறந்த ஊர் சிதம்பரம். அவள் அம்மா பாலாம்பாளுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பொழுது விடிந்தால் கோயில் மணிச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி, மகள் குரலையும் கேட்க மாட்டோமா என்று அந்த அம்மாள் ஏங்கிக்கொண்டிருந்தது ஹேமசபேசனுக்கும் தெரியும். சிதம்பரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுந்தரி அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள்.

அதனால்தான் அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. காரணம் பாலாம்பாள் அல்ல, அவள் புருஷன் சபாநாயகம் பிள்ளை. ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ரிட்டயரானது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து வீடு அதிரப் பதிகம் பாடுவார். பாடி முடித்ததும் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பார்த்து, "இதுக்குப் பொருள் சொல்லுங்க, பாப்போம்," என்பார். மாப்பிள்ளை பொருள் தேடி முடிப்பதற்குள் காப்பி ஆறி ஆடை கட்டிவிடும். போதாக்குறைக்கு, தேரோடும் வீதி நாலிலும் சுந்தரியின் சொந்தக்காரர்கள். அங்கே போய்ச் சீட்டுக்கட்டைக் கையால் தொட முடியுமா?

அன்று சாயங்காலமே கூடத்தில் மந்திராலோசனை.

"பிரதர், தி கேட் இஸ் ஸ்டில் இன் தி பேக்," என்றார் ஹேமசபேசன். ரகசியம் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

"குட். அதர்வைஸ் ஷி வில் ஸ்மெல் எ ராட்." சந்தேகப்பட்டுவிடுவாள் என்று அர்த்தம்.

"ஐ வில் நாட் ஜம்ப் அவுட் ஆஃப் தி ஃப்ரையிங் பான் இன்டு தி ஃபயர்." வாணலியிலிருந்து தப்பி அடுப்பில் விழமாட்டேன் என்று சொன்ன ஹேமசபேசன், அடுப்பு என்றபோது கையைத் தெற்கே நீட்டினார்.

அந்தோணிசாமி நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, வாத்தியார் மாதிரி உட்கார்ந்து காட்டி, "வெரி பிக் ஃபயர்," என்றார்.

"மண்டே ஐ வில் நிப் இட் இன் தி பட்."

முளையிலேயே கிள்ளிவிடுவதாக விரலால் கிள்ளிக் காட்டிச் சொன்ன கையோடு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கல்யாணசுந்தரி முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பூனைங்கிறீங்க, எலிங்கிறீங்க. அடுக்களையில பொறி எதாச்சும் வக்கணுமா?"

"அது ஆபீஸ் எலி. நீ வேலையப் பாரு."

"சரி," என்று அவள் வேலையைப் பார்த்தாள். உண்மையில் அப்போதுதான் பார்க்கத் தொடங்கினாள்.

அவள் தம்பி நடராஜன் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். சரக்கு எடுக்க வாரத்தில் ஒரு நாள் கடலூருக்கு வந்து, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்த வாரம் வழக்கம்போல் வந்து போனவன், சனிக்கிழமை மறுபடியும் வந்து நின்றான். ஏன் என்று கேட்க ஹேமசபேசனுக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமையை எதிர்பார்த்துக் குஷியாக இருந்தார்.

"மாமா, ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றான் நடராஜன், சாப்பிட்டுக்கொண்டே. "அம்மாவுக்குக் கண்ணு ஜாஸ்தி மங்கிடுச்சு. அக்கா பக்கத்துல இருந்தாதான் ஆகும். அக்காவுக்கு அங்க வர வழி இல்ல. ஒங்க வேலை இங்க. அதனால அவுங்களே இங்க வந்துடறதுன்னு முடிவாயிடுச்சு."

ஹேமசபேசன் ஒரு கவளத்தை மெதுவாக விழுங்கினார். "அத்தைதான? தாராளமா வரட்டும்."

"அம்மாவ மட்டும் எப்படி அனுப்புறது? அப்பாவும்தான்."

"எத்தனை நாளைக்கி?"

"நாள் என்னா மாமா நாளு. இனிமே இங்கதான். அப்பாவுக்கு ஒங்கமேல கொள்ளப் பிரியம். மாப்பிள்ளைக்கி ஞானம் இருக்கு, சொல்லிக் குடுக்க ஆள் இல்லன்னு சொல்லிகிட்டே இருக்காரு. கூடத்துல படுத்துக்குவாராம். காலையில நாலு மணிக்கி ஒங்கள எழுப்பி ஒக்கார வச்சி முழுசாப் பொருள் சொல்லிடறேங்கிறாரு. பசு ரெண்டையும் ஓட்டிகிட்டு வந்துடறாரு."

"பசுவா?"

"வேற யார நம்பி வுட்டுட்டு வருவாரு?"

கல்யாணசுந்தரி மோரை ஊற்றிக்கொண்டே இடைமறித்தாள். "நடராசா, இது சின்ன வூடு. மாமாவுக்கு ஆபீஸ் மீட்டிங்கெல்லாம் இருக்கு. பக்கத்து வூட்டு அண்ணன் வந்தா கூடத்துலதான் ஒக்காந்து இங்கிலீஷ் பேசுவாங்க. அப்பா அங்கயே படுத்திருந்தா இவுங்களுக்குக் கஷ்டம். வேணாம்னு சொல்லிடலாமா, என்னாங்க?"

மைத்துனன் முகத்துக்கு நேரே எந்த மனிதன் ஆமாம் என்று சொல்வான்? "சேச்சே, இதுல என்னா கஷ்டம்," என்றார் ஹேமசபேசன். குரல் அவருடையதாகவே இல்லை.

"அக்கா மட்டும் சிதம்பரத்துல இருந்தா இந்த இடம்பெயர்ற வேலையே இல்ல," என்று பெருமூச்சு விட்டான் நடராஜன். "அப்பா அவரு வூட்டுல அவரு பாட்டுக்கு இருப்பாரு. நீங்க ஒங்க வூட்டுல ஒங்க பாட்டுக்கு. என்னா பண்றது, விதி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹேமசபேசன் கூடத்தின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். எங்கே பார்த்தாலும் மாமனார் படுத்திருந்தார். கொல்லைப்புறத்துக்குப் போனால் அங்கே பசு நின்றது. சிதம்பரத்தில் மாமனாருக்குத் தனி வீடு, தனிப் பசு, தனிப் பதிகம். கடலூரில் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். யோசிக்க யோசிக்க, தில்லை நடராஜரே தன்னைக் கைநீட்டிக் கூப்பிடுவதாகப் பட்டது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே சிரஸ்தார் வீட்டு வாசலில் போய் நின்றார். மூச்சு வாங்க, "எனக்குப் பரிபூரண சம்மதம்," என்றார். இவ்வளவு ஆர்வமாக மாற்றல் வாங்கிக்கொண்ட குமாஸ்தாவைச் சிரஸ்தார் தம் சர்வீசில் பார்த்ததில்லை. மனம் மாறுவதற்குள் உத்தரவைப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் அந்தோணிசாமி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. சின்ன வயதிலிருந்து பிரியாத சிநேகிதம்.

"நோ கோயிங் பேக்?" என்றார்.

ஹேமசபேசன் நீளமாக மூச்சு விட்டார். "நோ, பிரதர். ஐ ஹேவ் பர்ன்ட் மை போட்ஸ்."

அந்தோணிசாமி அவர் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹேமசபேசனுக்கு அப்போது ஒரு யோசனை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, தானே பெரிய மனசு பண்ணி மாற்றல் கேட்டு வாங்கியதாக, சுந்தரியிடம் சந்தோஷ சமாசாரமாகச் சொல்லலாம். அவள் ஆனந்தக் கண்ணீர் விடுவாள், குறைந்தது ஒரு வருஷத்துக்கு இவர் சொன்னதெல்லாம் வீட்டில் எடுபடும். மீசையைத் தடவிக்கொண்டே அடுக்களைப் பக்கம் திரும்பினார். அங்கே அவள் பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, ஒவ்வொன்றாக வைக்கோல் சுற்றிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா பண்ற?"

"நசுங்காம கொண்டுபோவணுமில்ல?"

"எங்க?"

"சிதம்பரத்துக்கு. நீங்கதான இப்ப சொன்னீங்க, போட்டெல்லாம் கொளுத்திட்டேன்னு."

ஹேமசபேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவருக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"ஒனக்கு இடியம் தெரியுமா?"

"அது என்னான்னு எனக்குத் தெரியாது. நீங்க பேசறது தெரியும்."

"எப்படி? வார்த்தைக்கு ஒரு அர்த்தம், மொத்தத்துக்கு வேற அர்த்தமாச்சே. மெட்ரிகுலேஷன்ல பாதிப் பேரு கோட்டை வுடற எடம் அது."

அவள் ஒரு குண்டானைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நம்ம பேச்சுல அந்த மாதிரி இல்லியா? காது குத்துறான்னு சொன்னா ஊசியத் தேடுவாங்களா? எவனோ ஏமாத்துறான்னு தெரிஞ்சிக்கிறோம் இல்ல? வயிறு எரியுதுன்னா தண்ணி ஊத்தவா ஓடுறோம்? அண்ணன் அன்னைக்கி நனஞ்சி வந்து நாயி பூனன்னு சொன்னாரு. வாசல்ல நாயும் இல்ல, பூனயும் இல்ல, மழதான் இருந்துது. இவுங்க சொல்றது ஒன்னு, அர்த்தம் வேறன்னு அப்பவே புரிஞ்சிபோச்சு. அதுக்கப்புறம் வார்த்தைய வுட்டுட்டேன். சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்குது, சொன்னப்புறம் என்னா நடக்குதுன்னு பாத்துகிட்டே இருந்தேன்."

"எலி?"

"எலின்னு சொன்னா ரெண்டு பேரும் கொரல எறக்கிகிட்டு என்னைப் பாப்பீங்க. மறுநாள் கையில அல்வா பொட்டலத்தோட வருவீங்க. நான் சந்தேகப்படறேன்னு பயந்துட்டீங்கன்னு அர்த்தம். நல்ல அல்வா. அதான் எலிய நான் கெடுக்கல."

 கூடத்தில் தான் இத்தனை மாதம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஹேமசபேசன் காதில் கேட்டது. இவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது அரிசியில் மட்டும் அல்ல.

"அப்ப வாணலி, அடுப்பு?"

"அது எனக்குப் பாடமா? தெனம் அதோடதான குடித்தனம் பண்றேன். வாணலின்னா இருக்கற எடம், கடலூரு. அடுப்புன்னப்ப ஒங்க கை தெக்கால போச்சு. அண்ணன் எங்கப்பா மாதிரியே நிமிந்து ஒக்காந்தாரு. மண்டேன்னீங்க, வெரல்ல எதையோ கிள்ளிப் போட்டீங்க. சிதம்பரத்துக்கு மாத்தல் வந்திருக்குது, திங்கக்கெழம வேணாம்னு சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சிபோச்சு."

"படகு? அத இன்னைக்கிதான மொதல் தடவையா சொன்னேன்?"

"தேவனாம்பட்டணத்துக் கடக்கரையில படகக் கொளுத்திட்டவன் எதுல திரும்பி வருவான்? அண்ணன் வேற ஒங்க கையக் குலுக்கிட்டு அழுதாரு. ஊரவிட்டுப் போறவங்களத்தான் அப்படிக் குலுக்குவாங்க."

பிரம்படி இல்லை, புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே ஒரு ராஜ்யத்தின் பூட்டைத் திறந்துவிட்டாள். ஹேமசபேசனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பிரமிப்பு வந்தது. கோயிலில் திரை விலகும்போது வருகிற பிரமிப்பு. இப்பேர்ப்பட்டவளோடா நாம் குடித்தனம் செய்துகொண்டிருந்தோம் என்று கைகள் தாமாகக் குவியப் பார்த்தன. வேட்டி மடிப்பைப் பிடித்து அடக்கிக்கொண்டார்.

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே சுந்தரி?"

அவள் கை சற்று நின்றது. "போன தையில போனப்ப அம்மா என் மூஞ்சியக் கையால தடவித் தடவிப் பாத்துச்சு. எளச்சிட்டியேன்னு கேட்டுச்சு. அதச் சொல்லி நான் கேட்டும், நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா, அப்புறம் இந்த வூட்டுல எனக்குச் சமைக்கக் கை வராது. அதான் கேக்கல."

 தான் மறைத்தது எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் ஹேமசபேசன் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஒரு செம்பை எடுத்து அவரும் வைக்கோல் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம்.

"மாமா இங்க வரதா இருந்தாரே, பசுவோட?"

"யாரு, அப்பாவா? கோயில் மணி கேக்காத ஊருல அவரு ஒரு ராத்திரி தங்குவாரா? நடராசன் சும்மா சொன்னான். நான்தான் சொல்லச் சொன்னேன்."

செம்பு கையிலிருந்து நழுவி உருண்டது. ஹேமசபேசன் அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரமிப்புக்கு மேலே பிரமிப்பு ஏறினால் மனிதன் எத்தனைதான் தாங்குவான்? படகோ கொளுத்தியாயிற்று. இனி கரையிலாவது மானத்தோடு நிற்க வேண்டும். குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"போவட்டும். ஆனா ஒன்னு மட்டும் இப்பவே கண்டிப்பா சொல்லிடறேன். சிதம்பரத்துல நாம பாக்கற வூடு ஒங்கப்பா வூட்டுலேர்ந்து தனியா இருக்கணும்."

"நடராசன் போன வாரமே பேசி முடிச்சிட்டான்," என்றாள் கல்யாணசுந்தரி, சாக்கின் வாயைக் கட்டியபடி. "தனி வூடுதான். நடுவுல ஒரு செவுரு இருக்குது."